எந்த டிஸ்க்கை அழிக்கிறோம்? இன்ஸ்டாலர்களை வாசித்துப் பார்த்தல்

பென்டிரைவில் இருந்து ஓஎஸ் போடுவது எப்படி என்று தேடினால் தமிழிலேயே நிறைய வீடியோ கிடைக்கும். "நெக்ஸ்ட் கொடுங்க, இங்க டிலீட் கொடுங்க, மறுபடி நெக்ஸ்ட் கொடுங்க" என்று எல்லாமே ஒரே ராகம். இந்தப் பதிவு அந்த வகை கிடையாது. இன்ஸ்டாலரை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், ஓட்டல் சாம்பாருக்கு எழுதுகிறோம். ஒரு புது கம்ப்யூட்டர் தன்னை வாங்கியவரோடு முதன்முதலாகப் பேசும் அந்தப் பத்துப் பன்னிரண்டு திரைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஓஎஸ் விமர்சனங்களில்கூட "இன்ஸ்டாலேஷன் சுலபமாக இருந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

சுலபம் என்பதை நான் அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்லை. இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றின் பதிலைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மொழி, கீபோர்டு, நேர மண்டலம், கம்ப்யூட்டரின் பெயர், எதைத் தப்பாகக் கொடுத்தாலும் ஐந்து நிமிட வேலைதான். திரும்ப எடுக்க முடியாத காரியங்கள் மிகக் குறைவு. ஒரு டிஸ்க்கின் மேல் எழுதுவது ஒன்று. ஒரு டிஸ்க்கைப் பூட்டிச் சாவியை எங்கோ கொண்டுபோய் வைப்பது இன்னொன்று. அந்த இரண்டு இடத்திலும் இன்ஸ்டாலர் எப்படிப் பேசுகிறது என்பதைப் பார்த்துத்தான் நான் மார்க் போடுவேன்.

"புது கம்ப்யூட்டர்தானே, அதுல அழியிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்கலாம். இருக்கிறது. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் புதிதாக அசெம்பிள் பண்ணி வாங்குகிறவர்களில் பலர், பழைய மெஷினில் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுவந்து இதில் மாட்டிக்கொள்வார்கள். புது எஸ்எஸ்டியில் ஓஎஸ். பழைய 1 டிபி டிஸ்க்கில் பத்து வருஷத்துக் கல்யாணப் போட்டோவும் பிள்ளைகளின் சர்டிஃபிகேட்டும். அதே மாதிரி, ஃப்ரீடாஸ் மட்டும் போட்டு விலை குறைத்து விற்கும் லேப்டாப்பை வாங்குகிறவர், பென்டிரைவைத் தயார் பண்ண இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அது நண்பருடையது அல்லது ஆபீஸுடையது. ஆக, புது மெஷின் காலியாக இருந்தாலும் அதைச் சுற்றி ஏதோ ஒரு பழைய டிஸ்க் இருந்துகொண்டேதான் இருக்கும். இன்ஸ்டாலரை எழுதுகிறவர்கள் மறந்துபோவது இதைத்தான்.

ஆபத்தின் முதல் கட்டம் பென்டிரைவில் எழுதும்போதே வந்துவிடுகிறது. லினக்ஸ்காரர்களின் பழைய கருவி டிடி. எங்கிருந்து எடுக்க வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்று இரண்டு பெயரைக் கொடுத்தால் போதும், மறுபேச்சு இல்லாமல் எழுதிவிடும். "டிஸ்க் டிஸ்ட்ராயர்" என்று அதற்கு ஒரு கேலிப் பெயரே உண்டு. இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி: புது லேப்டாப்களில் உள்ளே இருப்பது என்விஎம்இ எஸ்எஸ்டி. லினக்ஸ் அதற்கு வேறு வரிசையில் பெயர் வைக்கிறது. அதனால் அங்கே செருகும் பென்டிரைவுக்கு எஸ்டிஏ என்ற முதல் பெயரே கிடைத்துவிடும். அந்த லேப்டாப்பில் உட்கார்ந்து ஒருவர் நல்ல மனசோடு ஒரு குறிப்பு எழுதுகிறார், "எஸ்டிஏவில் எழுதுங்க" என்று. அதை சாட்டா டிஸ்க் உள்ள பழைய மெஷினில் ஒருவர் அப்படியே ஒட்டி என்டர் தட்டுகிறார். அங்கே எஸ்டிஏ என்பது அந்த மெஷினின் சொந்த டிஸ்க்! குறிப்பு எழுதியவர் மெஷினில் அது சரி, படித்தவர் மெஷினில் அது நாசம்.

இந்த இடத்தில் ரூஃபஸை மனம்விட்டுப் பாராட்ட வேண்டும். பீட் பட்டார்ட் எழுதிய சின்ன விண்டோஸ் புரோகிராம் அது. தொடங்கியதும் யூஎஸ்பி பென்டிரைவ்களை மட்டும்தான் பட்டியலில் காட்டும். யூஎஸ்பியில் மாட்டிய பெரிய ஹார்ட் டிஸ்க்குகள் அதில் வராது. வேண்டும் என்றால் நீங்களே தேடிப்போய் ஒரு டிக் போட வேண்டும். பிறகு, அழிக்கப்போவதாக ஒரு எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பது வேறு கதை. பட்டியலிலேயே இல்லாததைத் தப்பாகத் தேர்ந்தெடுக்க முடியாது, அதுதான் அதன் பலம். நூறு எச்சரிக்கையை விட ஒரு நல்ல பட்டியல் மேல்.

இங்கே ஒரு கிளைக்கதை, எனக்குப் பிடித்தது என்பதால். சிடிக்காகச் செய்த ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே பென்டிரைவில் கொட்டினால் எப்படி பூட் ஆகிறது? சிடியின் ஃபைல் அமைப்பை வரையறுத்த ஐஎஸ்ஓ 9660 தரம், ஆரம்பத்தில் 2,048 பைட் கொண்ட 16 செக்டர்களைத் தொடாமல் விட்டுவைக்கிறது. மொத்தம் 32,768 பைட். 1995இல் பீனிக்ஸும் ஐபிஎம்மும் கொண்டுவந்த எல் டொரிட்டோ தரம் சிடியில் இருந்து பூட் செய்ய வழி சொன்னபோதும் அந்த இடத்துக்கு வேலை இல்லை. பின்னால் சிஸ்லினக்ஸ் எழுதிய எச். பீட்டர் ஆன்வினின் திட்டத்தில் இருந்து ஐசோஹைபிரிட் என்ற உத்தி வந்தது. ஹார்ட் டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்க வேண்டிய பூட் கோடையும் பார்ட்டிஷன் அட்டவணையையும் அந்தக் காலி இடத்தில் வைத்துவிட்டார்கள். சிடி டிரைவ் பார்த்தால் அது சிடி. பயாஸ் பார்த்தால் அது ஹார்ட் டிஸ்க். யாரோ ஒருவர் எதற்கோ காலியாக விட்ட திண்ணையில் இன்னொருவர் கடை போட்ட கதை.

யுஇஎஃப்ஐ வந்த பிறகு இவ்வளவு தந்திரம்கூடத் தேவையில்லை. ஃபேட் பார்ட்டிஷனில் குறிப்பிட்ட ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் போதும், அதை எடுத்து ஓட்டும். ஃபைல்களை வெறுமனே காப்பி பண்ணினாலே பூட் பென்டிரைவ் தயார். ஆனால் ஃபேட்32இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸின் முக்கியமான இமேஜ் ஃபைலோ பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறது. ரூஃபஸ் மாதிரி கருவிகள் இன்னும் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பூட் ஆகிவிட்டது. எஃப்2வா எஃப்12ஆ எஸ்கேப்பா என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும் அந்தக் கூத்தைத் தாண்டி உள்ளே வந்துவிட்டோம். இனி விண்டோஸ் 11.

24எச்2 பதிப்பில் செட்டப் திரைகளைப் புதுப்பித்தார்கள். மொழி, கீபோர்டு முடிந்ததும் ஒரு திரை வருகிறது: விண்டோஸ் போடணுமா, மெஷினைச் சரிபார்க்கணுமா? போடணும் என்றால் கீழே ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். ஃபைல், ஆப், செட்டிங் உட்பட எல்லாம் அழிக்கப்படும் என்பதற்குச் சம்மதம். டிக் போட்டால்தான் நெக்ஸ்ட். பிறகு புராடக்ட் கீ, பதிப்புத் தேர்வு, லைசென்ஸ் எல்லாம் வந்து, அதற்கும் அப்புறம்தான் எந்த டிஸ்க் என்ற கேள்வி வருகிறது.

வரிசையைக் கவனியுங்க. "எல்லாம் அழியும், சரியா?" என்பது முதலில். "எதை?" என்பது பல திரை தள்ளி. எதை அழிக்கப்போகிறோம் என்று அந்த நேரத்தில் செட்டப்புக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு சர்வே நம்பரை நிரப்புவது மாதிரி. சம்மதம் வாங்கியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள அது உதவலாம். டிஸ்க்கைக் காப்பாற்ற உதவாது.

அந்த டிஸ்க் திரை எப்படி இருக்கிறது? டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, டிஸ்க் 0 பார்ட்டிஷன் 2, டிஸ்க் 1 என்று எண்கள். மொத்த அளவு, காலி இடம், வகை. சாம்சங்கா, சீகேட்டா, எந்த மாடல் என்று எதுவும் இல்லை. உள்ளே இருப்பதா யூஎஸ்பியில் தொங்குவதா என்பதும் இல்லை. 0 என்பது உங்கள் புது எஸ்எஸ்டியாகத்தான் இருக்கும் என்று உத்தரவாதமும் கிடையாது. இரண்டும் 1 டிபியாக இருந்தால் காலி இடத்தை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். மாடல் பெயரைக் கேட்டால் எந்த டிஸ்க்கும் சொல்லும். கேட்டுக் காட்டுவதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை.

எக்ஸ்பி காலத்து ஆட்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். நீலத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. லைசென்ஸுக்கு எஃப்8. ஒரு பார்ட்டிஷனை அழிக்க டி அடிக்க வேண்டும். அது சிஸ்டம் பார்ட்டிஷன் என்றால் என்டர் தட்டச் சொல்லி ஒரு எச்சரிக்கை. அதற்குப் பிறகு எல் அடித்தால்தான் உண்மையில் அழியும். டி, என்டர், எல். கீபோர்டில் தள்ளித் தள்ளி இருக்கும் வெவ்வேறு பட்டன்கள். கை பழக்கத்தில் என்டரையே தட்டிக்கொண்டு போனால் அழியாது. ஒரு விநாடி நின்று எந்த எழுத்து என்று படிக்கத்தான் வேண்டும். 2001இல் வந்த அந்த அசிங்கமான திரை, இன்றைய வழவழப்பான திரையை விட இந்த ஒரு விஷயத்தில் மரியாதையாக நடந்துகொண்டது. மாடல் பெயர் சொல்லாத குறை அதிலும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புது மெஷினுக்கே உரிய இன்னொரு சிக்கல், டிஸ்க் கண்ணுக்கே தெரியாமல் போவது. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற ஏற்பாடு பயாஸில் ஆன் செய்தே வருகிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் செட்டப்பில் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி பட்டியலில் வராது. வேறு டிஸ்க் எதுவும் இல்லையென்றால் பிரச்சினை இல்லை. டிரைவ் எதுவும் காணோம் என்று சொல்லி நின்றுவிடும். டிரைவரைப் பென்டிரைவில் கொண்டுவந்து லோடு பண்ணினால் தெரியும். வில்லங்கம் எங்கே என்றால், கூடவே இன்னொரு சாட்டா டிஸ்க் இருக்கும்போது. அப்போது பட்டியலில் ஒரே ஒரு டிஸ்க் இருக்கும், அது உங்கள் டேட்டா டிஸ்க். ஒரே ஒரு பெயர் உள்ள பட்டியலைப் பார்க்கிற யாரும் "இதுதான் போல" என்றுதான் நினைப்பார்கள். எண்ணுக்குப் பதில் மாடல் பெயர் அங்கே இருந்திருந்தால் கை தயங்கும்.

இப்போது டெபியன். பார்ப்பதற்கு 2005இல் நின்றுபோன மாதிரி இருக்கும். கேள்வி மேல் கேள்வி. ஆனால் டிஸ்க் விஷயத்தில் அது நடந்துகொள்ளும் விதமே தனி. அளவோடு டிஸ்க்கின் மாடல் பெயரையும் காட்டும். நீங்கள் என்ன தேர்ந்தெடுத்தாலும் அதுவரை டிஸ்க்கில் எதையும் எழுதாது. கடைசியில், எந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை மாறப்போகிறது, எந்தெந்தப் பார்ட்டிஷன் ஃபார்மட் ஆகப்போகிறது என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு, எழுதட்டுமா என்று கேட்கும். முன்கூட்டியே தேர்வாகி நிற்கும் பதில் "வேண்டாம்". என்டரைத் தட்டிக்கொண்டே வந்தவர் அங்கே வந்து முட்டிக்கொள்வார். சம்மதம் கேட்க வேண்டிய இடமும் அதுதான், கேட்கும் விதமும் அதுதான்.

அதற்காக டெபியனுக்கு முழு மார்க் கிடையாது. ரூட் பாஸ்வேர்டு கேட்கும் திரையைப் பாருங்க. அதைக் காலியாக விட்டால் ரூட் கணக்கு முடக்கப்பட்டு, முதல் பயனருக்கு சூடோ அதிகாரம் கிடைக்கும். பாஸ்வேர்டு கொடுத்தால் கிடைக்காது. மெஷினை யார் ஆளப்போகிறார்கள் என்ற முடிவு அது. அதை ஒரு நீளமான விளக்கத்துக்குள்ளே புதைத்து வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு கட்டத்தைப் பார்த்ததும் ஏதாவது அடிக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். காலியாக விடுவதும் ஒரு பதில் என்று யாருக்குத் தெரியும்? பிறகு சூடோ வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டு அலைவார்கள்.

புது லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யாத பிரச்சினையிலும் டெபியன் நீண்ட நாள் பிடிவாதமாக இருந்தது. ஃபர்ம்வேர் சுதந்திர மென்பொருள் இல்லை என்பதால் அதிகாரபூர்வ இமேஜில் இருக்காது. ஃபர்ம்வேர் சேர்த்த இமேஜ் வேறு ஒரு மூலையில் இருக்கும். 2022இல் ஓட்டெடுப்பு நடத்தி மனதை மாற்றிக்கொண்டார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ இமேஜிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. கொள்கையில் சமரசம் என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு வருத்தம் இல்லை. நெட் இல்லாமல் நடுவில் நிற்கும் லேப்டாப் யாருக்கும் சுதந்திரம் கொடுப்பதில்லை.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெபியனின் வரைகலை இன்ஸ்டாலரில் தமிழ் இருக்கிறது. எழுத்துமுறை இன்ஸ்டாலரில் நம் எழுத்துகளைச் சரியாகக் கோக்க முடியாததால் அங்கே வராது. விண்டோஸின் இன்ஸ்டால் ஐஎஸ்ஓ தமிழில் கிடைப்பதே இல்லை. போட்டு முடித்த பிறகுதான் மொழிப் பொதியாக இறக்கிக்கொள்ள முடியும். அதாவது, திரும்ப எடுக்க முடியாத முடிவெல்லாம் ஆங்கிலத்தில், ஸ்டார்ட் மெனு மட்டும் தமிழில். ஆனால் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. பார்ட்டிஷனுக்குப் பிரிவு, பகிர்வு என்று சொற்கள் புழங்குகின்றன. இதில் பகிர்வு எனக்கு ஆகவே ஆகாது. ஃபோனில் பகிர் என்ற பட்டனைப் பார்த்துப் பழகியவருக்கு "பகிர்வை அழி" என்றால் என்ன புரியும்? யாருக்கோ அனுப்பியதை நீக்குவதாகத்தான் தோன்றும். ஊரில் எல்லோரும் பார்ட்டிஷன் என்றே சொல்கிறார்கள். இந்த ஒரு திரையிலாவது அதையே எழுதிவிடலாம். தூய தமிழ்ப் பற்றைக் காட்ட வேறு எத்தனையோ திரை இருக்கிறது.

இரண்டாவது ஆபத்துக்கு வருகிறேன், சாவி. விண்டோஸ் 11 போட்டு முடித்து மறுபடி பூட் ஆனதும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். முதலில் ஹோம் பதிப்பில் இருந்த கட்டாயம் 2022இல் புரோவுக்கும் வந்தது. அதற்கு நெட் வேண்டும். புது லேப்டாப்பின் வைஃபை டிரைவர் இமேஜில் இல்லையென்றால் ஃபோனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடுவது நம்மூர் வைத்தியம். இதைப் பற்றி இணையத்தில் எல்லோரும் திட்டித் தீர்த்துவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்தது.

24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தால், வசதியுள்ள மெஷின்களில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிறது. மீட்புச் சாவி 48 இலக்கம்; அது அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. லோக்கல் கணக்கு மட்டும் என்றால் பாதுகாப்பு முழுதாகச் செயலுக்கு வராது. லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பது வெளியே போகாது என்பதால் என்கிரிப்ஷனை நான் எதிர்க்கவில்லை, நல்லதுதான். ஆனால் இத்தனை கேள்வி கேட்கிற இன்ஸ்டாலர், விளம்பரத்துக்கு உங்கள் தகவலைப் பயன்படுத்தலாமா என்றுகூடக் கேட்கிற இன்ஸ்டாலர், இதை மட்டும் கேட்பதில்லை. கடைக்காரர் அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, கணக்கைப் போட்டுக்கொடுத்து அனுப்பிவிட்டார் என்று வையுங்கள். எட்டு மாதம் கழித்து பயாஸ் அப்டேட் ஒன்று வந்து, மெஷின் நீலத் திரையில் அந்த 48 இலக்கத்தைக் கேட்கலாம். சாவி எங்கோ ஒரு மறந்துபோன மின்னஞ்சலுக்குப் பின்னால் இருக்கிறது. டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, உள்ளே இருப்பதும் நல்லாத்தான் இருக்கு, திறக்கத்தான் முடியாது. விளைவைப் பார்த்தால் இதுவும் அழிப்புதான், கொஞ்சம் தாமதமாக.

"யாரும் எதையும் படிப்பதில்லை, அதனால் கேள்வியைக் குறைக்கிறோம்" என்பார்கள் வடிவமைப்பாளர்கள். பாதி சரி. கீபோர்டையும் நேர மண்டலத்தையும் ஊகித்துக்கொள்ளட்டும், பன்னிரண்டு திரை மூன்றாகட்டும், எனக்குச் சந்தோஷம். அப்படிக் குறைத்தால், மிச்சமிருக்கும் மூன்றையாவது மக்கள் படிப்பார்கள்.

டிஸ்க் திரையை என்னிடம் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: "சீகேட், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இதில் ஒரு பார்ட்டிஷன் இருக்கிறது, பெயர் 'வீட்டு போட்டோ'. 412 ஜிபி நிரம்பியிருக்கிறது. இதை அழித்துவிட்டு இங்கே விண்டோஸ் போடட்டுமா?" கீழே இரண்டு பட்டன்: "வேண்டாம், வேறு டிஸ்க்கைக் காட்டு", "அழித்துவிடு". இதில் உள்ள ஒவ்வொரு தகவலும் செட்டப்பின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. காலி இடத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவருக்கு நிரம்பிய இடத்தைச் சொல்வதா கஷ்டம்? சாவிக்கும் இதே மாதிரி: "இந்த டிஸ்க்கைப் பூட்டப்போகிறேன். சாவி இந்த மின்னஞ்சல் கணக்கில் இருக்கும். இந்த மின்னஞ்சல் உங்களுடையதுதானே?" கடைசிக் கேள்வி ஒன்றே போதும், கடையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு நிமிஷம் யோசிப்பார்.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்று. டெஸ்க்டாப் என்றால் ஓஎஸ் போடும் நேரத்தில் டேட்டா டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடலாம். லேப்டாப்பில் அது சிரமம். பார்ட்டிஷனுக்கு ஒரு லேபிள் வைத்திருந்தால் விண்டோஸ் செட்டப் எண்ணுக்குப் பக்கத்தில் அதைக் காட்டும். என்டிஎஃப்எஸ்ஸில் 32 எழுத்து வரை இடம் இருக்கிறது. "நியூ வால்யூம்" என்று அது தானாக வைத்த பெயரை எடுத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறதோ அதை ஆங்கில எழுத்திலேயே எழுதி வையுங்கள். "வீட்டு போட்டோ, அழிக்காதே" என்று எழுதினாலும் அந்த 32க்குள் அடங்கிவிடும்.